இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் ஒரு கட்டம்

சதுரங்கப் பெட்டியைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. வெள்ளைச் சிப்பாய்களில் ஒன்று தொலைந்தபோது அதற்குப் பதிலாக நாம் ஒரு மூடியை வைத்துக்கொண்டோமே, அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தைலக் குப்பியின் மஞ்சள் மூடி, அதிலிருந்துதான். எடுத்து மூக்கருகே பிடித்தேன். கண் எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் போகாத வாசனை என்று ஒரு நிமிஷம் நெகிழ்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எந்தத் தைலமும் இவ்வளவு காலம் நிற்காது. காய்களை எடுத்து வைத்துப் பலகையை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவள் புதிதாகத் தடவியிருக்கிறாள்.

அவள் என்றால் உன் ஓரகத்தி. உன் கொழுந்தனின் மனைவி. நீ இல்லாமல் போன அந்தக் கூத்தாநல்லூர் வீட்டில் இப்போது தனியாக இருப்பவள். அவள் தடவியதில் எனக்குக் கோபமில்லை. அது எனக்குத் தோன்றாமல் போனதில்தான் கோபம். உன்னை நினைப்பதில்கூட அவள் என்னை முந்திக்கொண்டாள்.

உன்மேலேயே எனக்குப் பொறாமை இருந்தது, உனக்குத் தெரியும். மன்னார்குடியில் நாம் படித்த பெண்கள் கல்லூரியில் சதுரங்க அணிக்கு ஆள் கிடைக்காமல் உடற்கல்வி ஆசிரியை வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கியபோது கை தூக்கியது நான் மட்டும்தான். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு உன் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். காய்கள் எப்படி நகரும் என்பதை உனக்கு நான்தான் காட்டினேன். ஒரு மாதம் கூட ஆகவில்லை, நீ என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்துவிட்டாய். அதுவும் எப்படி? நான் புத்தகம் வாங்கி, அடிக்கோடிட்டுப் படித்து, கன்னத்தில் கை வைத்து யோசித்து ஒரு காயை நகர்த்துவேன். நீ பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பதிலுக்கு நகர்த்துவாய். நான் தேடிக்கொண்டிருந்தது உன் கண்ணில் தானாக வந்து விழும். விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டு போவேன். மறுநாள் உனக்காக இடம் பிடித்து வைப்பேன்.

மாயவரத்துப் போட்டி நினைவிருக்கிறதா? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நம் அணியில் நான்கு பேர், அதில் இரண்டு பேர் வகுப்புக்குப் போகாமல் இருக்கலாம் என்று சேர்ந்தவர்கள். கடைசிச் சுற்றில் நீ சீக்கிரமே ஜெயித்து எழுந்து வந்து என் பின்னால் நின்றாய். பலகையில் என் ராஜா, என் சிப்பாய் ஒன்று, எதிராளியின் ராஜா, அவ்வளவுதான் மிச்சம். அந்தச் சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை கொண்டுபோனால் ராணியாகிவிடும், ஆட்டம் நம்முடையது, முதலிடமும் நம்முடையது. நான் சிப்பாயை முன்னால் ஓட்டினேன். என் ராஜா அதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் பின்னாலேயே போனார். எதிராளியின் ராஜா வந்து வாசலில் நின்றுகொண்டது. டிரா. நமக்குக் கிடைத்தது மூன்றாம் இடமும் மடக்கினால் பெட்டியாகிற இந்த மரப்பலகையும். மற்ற இருவரும் வேண்டாமென்றதால் அது நம் இருவருடையது ஆனது. ஒரு மாதம் உன் வீடு, ஒரு மாதம் என் அறை.

பஸ்ஸில் நீ என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. என்ன தப்பு என்று நானே கேட்டதற்கு, "தெரியல, ஆனா ஒன் ராஜா நின்ன எடம் எனக்குப் பிடிக்கல," என்றாய். பிடிக்கவில்லையாம். நான் அந்த முடிவாட்டத்தைப் பற்றி மூன்று அத்தியாயம் படித்திருந்தேன்.

விடை எங்கள் வயலில் கிடைத்தது. புரட்டாசிக் கடைசி, நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமென்று நீ கிளம்பி வந்திருந்தாய். வரப்பில் நான் முன்னால், நீ பின்னால், உன் கக்கத்தில் இந்தப் பெட்டி வேறு. எதிரே ஒருவர் தலையில் நாற்றுக்கட்டோடு வந்தார். நான் யோசிக்கவே இல்லை, சேற்றில் இறங்கி வழிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சுமையோடு வருகிறவருக்கு வரப்பு, வெறுங்கையோடு வருகிறவருக்குச் சேறு. அவர் கடந்து போனதும் திரும்பிப் பார்த்தால், நீ ஒதுங்கிய மறுபக்கத்திலிருந்து வரப்பில் ஏறிக் குந்தி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய்.

"இதான்டி நீ மாயவரத்துல பண்ணது. சிப்பாய் சொமையோட வருதாம், ராஜா சேத்துல எறங்கி நின்னுட்டாரு."

எனக்கு முகம் சிவந்தது. சேறு முழங்கால் வரை. நீ விடவில்லை. என்னை மேலே ஏற்றி, பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சிப்பாயை எடுத்து உனக்குப் பின்னால் வரப்பில் நட்டுவைத்தாய். எனக்கும் உனக்கும் நடுவில் ஒரே ஒரு அடி இடைவெளி விட்டு எதிரே நின்றாய். நீ ஒரு ராஜா, நான் ஒரு ராஜா. நடுவில் இருக்கிற அந்த ஓர் அடியில் நீயும் கால் வைக்க முடியாது, நானும் வைக்க முடியாது. இப்போது நகர வேண்டியது யார் என்பதுதான் கேள்வி என்றாய். நகர வேண்டியவர் இறங்க வேண்டியவர். மற்றவர் அந்தப் பக்கமாக ஏறிப் போய்விடலாம். நான் நகராமல் நின்றால் என்ன என்று கேட்டேன்.

"சும்மா நிக்க முடியாதுடி. அதான இந்த ஆட்டத்தோட கொடும."

புத்தகத்தில் இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார்கள். எனக்குப் புரிந்தது சேற்றில்தான். அப்புறம் நீ இன்னொன்றும் சொன்னாய். நகர வேண்டிய முறை உன்னுடையதாக இருந்தாலும் பயமில்லை, பின்னால் சிப்பாய்க்கு ஒரு அடி மிச்சம் வைத்திருந்தால் போதும். ராஜாவை அசைக்காமல் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளலாம், முறை எதிராளிக்குப் போய்விடும், அவர் இறங்கியாக வேண்டும். "அவசரப்பட்டுத் தள்ளிடாதே. கைல ஒரு அடி வச்சுக்க." சொல்லிக்கொண்டே செய்துகாட்டப் பின்னால் திரும்பினாய், கால் வழுக்கியது, நாம் இருவரும் சேற்றில். சிப்பாயைக் காணவில்லை. நாற்றுக்கட்டுக்காரர் அங்கிருந்தே வரப்பை உடைத்துவிடாதீர்கள், தண்ணீர் நிற்காது, விளையாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் போட்டார். நாம் சேற்றைத் துழாவித் துழாவிப் பார்த்தோம். "விடுடி, நட்டாச்சு. தை மாசம் எட்டு சிப்பாயா அறுத்துக்கலாம்," என்றாய்.

அந்த வரப்பு எங்களுடையது. நீ அங்கே சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கூத்தாநல்லூரிலேயே. உன் கல்யாணத்தின்போது பலகை உன் முறையில் இருந்தது, உன்னோடே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது, கல்யாணமும் அங்கேயே. உன் வீட்டுக்காரரும் கொழுந்தனும் சிங்கப்பூரில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். அப்படி வந்த ஒரு நாள் கூடத்தில் பலகை விரித்திருந்தது. பாதி ஆட்டத்தில் காய்கள் அப்படியே நின்றன. யாரோடு என்று கேட்டேன். புதிதாக வந்த ஓரகத்தியைக் காட்டினாய். அவள் தட்டில் ரவையில் கிண்டிய தம்ரூட்டை வெட்டி வைத்துக்கொண்டு வந்தாள். "நல்லா ஆடுறா," என்றாய்.

நல்லா ஆடுறா. மூன்று வருஷம் உன்னோடு ஆடினேன், என்னைப் பற்றி நீ ஒருநாளும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் தம்ரூட் நெய்யும் முந்திரியுமாக அவ்வளவு நன்றாக இருந்தது. அதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் உன்னை நினைக்கும்போதெல்லாம் கூடவே அவளும் வந்தாள். எனக்கு வாய்த்தது கல்லூரி நாட்கள். அவளுக்கு வாய்த்தது ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்து லுஹர் தொழுகையும் முடிந்த பிறகு வருகிற நீண்ட மத்தியானம். உன் தலைவலி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். தோற்கப் போகிற ஆட்டத்தில் நீ எப்படி மூக்கை உறிஞ்சுவாய் என்று தெரியும். நீ என்னோடு தோற்கப் போகிற நிலைக்கு வந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார், ஒரு சிநேகிதிக்கு இன்னொரு சிநேகிதி இருந்தால் என்ன என்று. அன்று பூராவும் நான் அவரோடு பேசவில்லை.

உனக்கு உடம்பு முடியாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அல்லா மன்னிக்கட்டும் என்று நீ சொல்வாயே அந்தத் தொனியில் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். என் ஊருக்கு வந்துவிட்டாய். வேலை முடிந்து நடந்தே வந்து உன்னைப் பார்க்கலாம். வந்தேன், தினமும் வந்தேன். ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் அவள் உன் கட்டிலோரம் இருந்தாள். உங்கள் நடுவே ஒரு செல்போன், அதில் சதுரங்கம். உனக்கு விரலை நீட்டத் தெம்பில்லாத நாட்களில் நீ கண்ணால் காட்டுவாய், அவள் நகர்த்துவாள். எந்தக் காயை என்று ஒருமுறைகூட அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "பலக ஒனக்குத்தான்டி. போயிக் கேளு. கூச்சப்பட்டுக்கிட்டு விட்டுடாதே." நான் அழுதேன். அழுததற்கு நீ போகப் போகிறாய் என்பது மட்டும் காரணமில்லை. அவளுக்கு இல்லாமல் எனக்கு என்று சொன்னாயே, அதுவும்தான்.

உனக்காக நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். அவள் தம்ரூட்டும் டீயும் வைத்தாள். உன்னைப் பற்றி ஒன்றுமே பேசாமல் மழை, பஸ், சிங்கப்பூர் என்று பேசிக்கொண்டிருந்தோம். டீயில் ஆடை படிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"பலகையக் கேக்கத்தான வந்தீங்க?"

ஆமாம் என்றேன். நீ என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நீ அவளிடமும் அதையே சொன்னதாகச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போன பிறகு, அதே கட்டிலில். "பலக ஒனக்குத்தான். அவ வந்து கேப்பா, சும்மாக் குடுத்துடாதேன்னாங்க அக்கா."

உன்னை அந்த நேரத்தில் எனக்குப் பிடிக்கவே இல்லை. நீ எங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாய் என்று பட்டது. எனக்கென்று ஒன்று சொன்னாய் என்பதைத்தான் அந்த நாற்பது நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் பாதி அவளுடையது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள்.

யார் முதலில் சொன்னோம் என்று சரியாக ஞாபகமில்லை. ஆடிப் பார்த்துவிடலாம், ஜெயிக்கிறவருக்குப் பலகை. அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளை எனக்கு வந்தது. மூடிச் சிப்பாயை என் ராஜாவுக்கு முன்னால் வைத்தேன். நாம் எப்போதும் அதற்குக் கொடுக்கும் இடம். அவள் அதைக் கவனித்தாள். நீயும் அவளும்கூட அங்கேதான் வைப்பீர்களாம்.

நான் அப்படி ஓர் ஆட்டம் ஆடினதே இல்லை. நீ பார்த்திருக்க வேண்டும். ராணிகள் போயின, குதிரைகள் போயின, வெளியே வெயில் தாழ்ந்து கூடம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் மிஞ்சியது என் ராஜா, அந்த மஞ்சள் மூடி, அவள் ராஜா. மாயவரம்தான் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்தமுறை ராஜாவை ஒதுங்க விடவில்லை. சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் ராஜாவும் வந்து எதிரே நின்றது. இரண்டு ராஜாக்கள், நடுவில் ஒரு கட்டம். நகர வேண்டிய முறை என்னுடையது.

பரவாயில்லை, கையில் ஒரு அடி இருக்கிறது என்று சிப்பாயைப் பார்த்தேன். இல்லை. மூடி என் ராஜாவின் முதுகை ஒட்டி நின்றது, தள்ள இடமே இல்லை. கொஞ்சம் முன்னால் ஏதோ ஓர் அவசரத்தில் அதை ஒரு கட்டம் தள்ளியிருந்தேன். தேவையே இல்லாத ஓர் அடி.

அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கைல ஒரு அடி வச்சிருந்திருக்கணும். இல்லாட்டி வரப்ப விட்டு எறங்கணும்."

என் வரப்பு. என் சேறு. அவள் வாயில். பலகையைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது. அந்த வரப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றாள். ஆனால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாளாம். நாற்றுக்கட்டுக்காரர் போட்ட சத்தம், நான் முழங்கால் வரை சேற்றோடு நின்றது, தை மாசம் எட்டு சிப்பாய் அறுக்கலாம் என்று நீ சொன்னது, எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவ நான் தப்பா நகத்தும்போதும் ஒங்க கததான். அவ இருந்தா இப்புடி ஆடியிருப்பா, அவளா இருந்தா இந்நேரம் யோசிச்சுக்கிட்டு இருப்பா, ஒன்ன மாதிரி அவசரப்பட மாட்டா. காது புளிச்சுப் போச்சுங்க. நீங்க என்னைக்காவது வருவீங்க, ஒங்களத் தோக்கடிக்கணும்னுதான் நான் இந்த ஆட்டத்தையே ஒழுங்காக் கத்துக்கிட்டேன்."

கன்னத்தில் கை வைத்து யோசிக்கிற என்னை நீ கேலி செய்துதான் நான் கேட்டிருக்கிறேன். அதையே அவளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறாய். நல்லா ஆடுறா என்று என்னிடம் அவளைச் சொன்னாய், யோசிச்சு ஆடுவா என்று அவளிடம் என்னைச் சொன்னாய். நேருக்கு நேர் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் இப்படி எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் போயிருக்கிறாய். அங்கே அவளும் கால் வைக்க முடியாது, நானும் வைக்க முடியாது. சும்மா நிற்கவும் முடியாது.

என் ராஜாவைப் பக்கத்தில் நகர்த்தினேன். அவள் ராஜா கூடவே வந்து மறித்தது. வேறு வழியில்லாமல் சிப்பாயைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் சரியான கட்டத்தில் வந்து நின்றாள், உன்னைப் போலவே, சன்னலைப் பார்த்துக்கொண்டே. கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டத்தில் மூடி நின்றபோது அவள் ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. டிரா.

முதலில் அவள்தான் சிரித்தாள். அப்புறம் அழுதாள். நானும்.

இப்போது பழைய ஏற்பாடுதான். ஒரு மாதம் கூத்தாநல்லூர், ஒரு மாதம் தஞ்சாவூர். யார் முறை முடிகிறதோ அவர் நேரில் கொண்டுவர வேண்டும், வந்தால் ஓர் ஆட்டம் ஆட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வந்தாள், ஜெயித்தாள், பலகையை என்னிடம் வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். பொறாமை குறைந்துவிட்டது என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். உன் தொனியில் அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் எனக்கு இன்னும் சுருக்கென்கிறது.

இன்று அந்த வாசனையை உணர்ந்ததும் கடைவீதிக்குப் போய் ஒரு குப்பித் தைலம் வாங்கி வந்தேன். அதே தைலம் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட அதே மாதிரி. மூடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு என் கையால் தடவி, அடுத்த மாதம் அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க வேண்டும் என்று திட்டம். துணியை நனைத்துக்கூட விட்டேன். அப்போது அந்தக் கூடம் ஞாபகம் வந்தது. எனக்கு நீ இல்லாதது பஸ் ஏறிப் போனால்தான் தெரிகிறது. அவளுக்கு ஒவ்வொரு மத்தியானமும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு, எதிரே காலியாக இருக்கிற அந்தப் பாயில் தெரியும்.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டேன். தைலம் தடவுவது அவளுக்கே இருக்கட்டும். சுமையோடு வருகிறவள் அவள். இந்த ஒரு இடத்தில் நான் இறங்கிக்கொள்கிறேன், இதை நீ தப்பான ஆட்டம் என்று சொல்ல மாட்டாய்.

ஆனால் ஆட்டத்தில் வரப்பை விட்டு இறங்க மாட்டேன். பலகையை விரித்துத் தனியாக ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராஜா முன்னால் போயிருக்கிறது. மூடி அதன் பழைய கட்டத்திலேயே இருக்கிறது. எவ்வளவு அவசரம் வந்தாலும் தொடுவதில்லை. கையில் ஒரு அடி இருக்கிறது.